அம்மா சொன்னதாக

ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுறேன். இங்கே உடம்புக்கு ஒண்ணும் இல்ல. சளி பிடிச்சுது, விட்டுடுச்சு. நீயும் அம்மாவும் எப்படி இருக்கீங்க? இதை வழக்கத்துக்குக் கேக்கல. நிஜமாவே தெரியணும்னு கேக்குறேன்.

போன் இருக்கும்போது இதென்ன கடுதாசின்னு நினைப்பே. போன்ல நீ பேசுறது ஒரு பேச்சா? "நல்லா இருக்கோம், நீ நல்லா இருக்கியா, சரி வச்சிடவா." அம்மாகிட்ட குடுடான்னா "இப்ப வேண்டாம்க்கா"ங்குறே. எனக்குப் புரியுது. அவங்க கோவம் இன்னும் ஆறல. நான் கிளம்பின அன்னைக்கு ரூமை விட்டே வெளிய வராதவங்க, ஒரு போனுக்காக வந்துடப் போறாங்களா?

நான் பேசினதும் கொஞ்சநஞ்சம் இல்ல. ஆய்வேட்டை முடிக்கணும்னா ஒரு வருஷம் இந்த யுனிவர்சிட்டியிலேயே தங்கித்தான் முடிக்கணும்னு சொல்லிட்டாங்க. அதுக்காக முப்பத்தஞ்சு வயசுல பள்ளிக்கூட வேலையை விடுறேன்னா எந்த அம்மாவும் பயப்படத்தான் செய்வாங்க. "படிச்சது போதாதா"ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. அதுக்கு நான், "உங்களை மாதிரி ஒரு ஜன்னலுக்குப் பின்னாடி உக்காந்தே முடிஞ்சுபோக எனக்கு இஷ்டமில்ல"ன்னுட்டேன். பஸ் நிலையத்து விசாரணை ஜன்னல்ல ஆயுசெல்லாம் உக்காந்து நம்ம ரெண்டு பேரையும் ஆளாக்கினவங்ககிட்ட. சொல்லும்போதே தெரிஞ்சுது. ஆனா நிறுத்தல. வாசல்ல வண்டி வேற நின்னுட்டிருந்துது.

சரி, இங்கத்துக் கதை. ரூம் எப்படின்னா, மேஜை முன்னாடி நாற்காலியைப் போட்டா கதவு திறக்காது. யாராவது தட்டினா கட்டில் மேல ஏறி நின்னுதான் திறக்கணும். தட்டுறதுக்கும் ஆள் இல்லேங்குறதால கவலை இல்ல. பக்கத்து ரூம்ல தத்துவம் படிக்கிறவ ஒருத்தி இருக்கா. சர்க்கரை கடன் வாங்க மட்டும் உலகத்துக்குள்ள இறங்கி வருவா.

முதல் வருஷப் பிள்ளைங்களுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக்குடுக்கணும். ரெண்டு வகுப்பு. மீதி நேரத்துல என் ஆய்வேடு. அப்படி ஒரு மீதி நேரம் இருக்கிறதா இங்கே எல்லாரும் நம்புறாங்க. நூறு வருஷமா பள்ளிப் பாடநூல்கள்ல வாக்கியம் எப்படி மாறிட்டு வந்துதுங்குறதுதான் தலைப்பு, உனக்குத் தெரியுமே. அம்மா கேட்டா, "மாறினா மாறிட்டுப் போகுது, உனக்கென்ன"ம்பாங்க.

அம்மா என்ன பண்றாங்க, என்ன சொல்றாங்கன்னு எழுது. என்னைப் பத்திச் சொன்னா, திட்டா இருந்தாலும் அப்படியே எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்துது. சளி சரியானது நிம்மதி. நாங்க ரெண்டு பேரும் நலம்.

அம்மா நல்லா இருக்காங்க. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இப்ப அரை நாள்தான் போறேன். முதலாளி சரின்னுட்டார். மத்தியானத்துக்கு மேல கூட்டமும் இல்ல. கூடத்துல கிடந்த கை வச்ச நாற்காலியை ஜன்னலோரமா போட்டிருக்கேன். அம்மாவுக்கு வெளிச்சம் வரும்.

வேற விசேஷம் இல்ல. நல்லா படி. உடம்பைக் கவனி.

தம்பி

*

செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

நலம்னு எழுதியிருந்தே, சந்தோஷம். ஆனா நீ எழுதினது கடிதமா, ரேஷன் கார்டா? என் மாணவன் எவனாவது இப்படி எழுதிக் குடுத்திருந்தா சிவப்பு மையில குளிப்பாட்டி அனுப்பியிருப்பேன். "அம்மா நல்லா இருக்காங்க." இதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

முதல் நாள் வகுப்புல சொல்றதையே உனக்கும் சொல்றேன். "வருத்தமா இருந்தேன்"னு எழுதாதே, "சந்தோஷமா இருந்தேன்"னும் எழுதாதே. அன்னைக்குக் கண்ணுல என்ன பட்டுது, யார் என்ன சொன்னாங்க, எந்தக் குரல்ல சொன்னாங்க, அதை எழுது. வாசல்ல செருப்பு எப்படிக் கிடந்துதுன்னு எழுது. சின்ன விஷயம் சரியா இருந்தா பெரிய விஷயத்தை வாசிக்கிறவன் தானா நம்பிடுவான். ஸ்கூல்ல உன் கட்டுரையெல்லாம் நான்தானே எழுதிக்குடுத்தேன். அந்தப் பாவம்தான் இப்ப வந்து நிக்குது.

இங்கே வாரம் ஒரு கட்டுக் கட்டுரை வருது. ஒண்ணைத் திருத்தி முடிக்கிறதுக்குள்ள அடுத்தது. எல்லாரும் "இவ்வுலகில்"னு ஆரம்பிக்கிறாங்க. இவ்வுலகில் இத்தனை பேருக்கு ஒரே நேரத்துல ஒரே வார்த்தை எப்படித் தோணுதோ. நடுநடுவுல என் அத்தியாயத்தை எடுத்தா, நான் எழுதினதே வேற யாரோ எழுதின மாதிரி இருக்கு. அதையும் திருத்தத் தோணுது. திருத்திட்டே இருக்கேன், ஒரு பக்கம்கூட நகரல.

என் நெறியாளருக்கு "முற்றுப்புள்ளி"ன்னு பேர் வச்சிருக்கேன். போன வாரம் முதல் அத்தியாயத்தைத் திருப்பித் தந்தார். மொத்த அத்தியாயத்துலயும் விட்டுப்போன முற்றுப்புள்ளிகளை மட்டும் வட்டம் போட்டிருக்கார். நல்லா இருக்கான்னு கேட்டா, "பார்க்கலாம்"ங்குறார்.

இந்தத் தடவை அம்மாவை எனக்குக் காட்டு. நேரம் எடுத்துக்க, பரவாயில்ல.

அன்போடு,
அக்கா

*

அக்டோபர் 20

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கே? பதில் எழுத நாளாயிடுச்சு, கோவிச்சுக்காதே. நாலு தடவை எழுதிக் கிழிச்சேன். நீ சொன்ன மாதிரி எழுதியிருக்கேன். தப்பிருந்தா திருத்திக்க.

அம்மா இப்ப ஜன்னலோர நாற்காலியிலதான் பெரும்பாலும் உக்காந்திருக்காங்க. அந்தச் சாம்பல் கலர் சால்வை மடியில. வலது பக்கம் வெயில் படும். படும்போது கண்ணை இடுக்கிக்குவாங்க, அப்ப நான் திரையைக் கொஞ்சம் இழுத்து விடுவேன். எதிர் வீட்டுக்காரர் தினம் காரைக் கழுவுறாரு இல்ல, நேத்து அதைப் பாத்துட்டு, "இந்தாளு கழுவுற கழுவுல கார் தேஞ்சு சைக்கிளாயிடும்"னாங்க. நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கல. உனக்குத்தான் தெரியுமே, தான் சொன்ன ஜோக்குக்குத் தானே சிரிக்க மாட்டாங்க.

உன் கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு ஜன்னல் பக்கமே பாத்துட்டிருந்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "வக்கீலுக்கு அங்கே என்ன வழக்காம்?"னாங்க. உன்னைத்தான். ரொம்ப நாளைக்கப்புறம் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டேன். முற்றுப்புள்ளி வாத்தியார் விஷயத்தைச் சொன்னதுக்கு, "அவளுக்கு யாராவது ஒருத்தர் முற்றுப்புள்ளி வைக்க வேண்டியதுதான்"னாங்க.

கோவமா சொல்லல அக்கா. குரல் சாதாரணமாத்தான் இருந்துது.

கடையில ஒரு பெரியவர் மூணு மாசமா வேற யாரோ ஒருத்தரோட கண்ணாடியைப் போட்டுட்டு அலைஞ்சிருக்கார். பவர் சரியில்லன்னு சண்டைக்கு வந்தார். அவ்வளவுதான். சாப்பிடாம இருக்காதே.

தம்பி

*

நவம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவும் நீயும் சுகம்தானே. உன் கடிதத்தை நடைபாதையில நின்னே படிச்சேன். படியில உக்காந்து மறுபடி படிச்சேன். வக்கீல்னு சொன்னாங்களா? அந்தக் கார் தேயுறது அப்படியே அம்மா. நீ இவ்வளவு நாளா இந்தக் கையை எங்கே ஒளிச்சு வச்சிருந்தே?

இது சரியான நேரத்துக்கு வந்துதுடா. இங்கே நிலைமை சரியில்ல. முற்றுப்புள்ளி கூப்பிட்டு மூணாவது அத்தியாயம் வேண்டாம்னுட்டார். திருத்தச் சொல்லல. வேண்டாமாம். நாலு வருஷமா தினம் சாயங்காலம் பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்ததும், பழைய பாடநூலைத் தேடித் தேடிச் சேத்து எழுதினது. ஆய்வேட்டுக்கு முதுகெலும்பே அதுதான்னு நான் நினைச்சிட்டிருந்தேன். ஏன் சார்னேன். "இது உங்க ஆர்வம். ஆராய்ச்சி இல்ல"ன்னார். சொல்லிட்டு மணி பாத்தார்.

அன்னைக்கு மத்தியானம் வகுப்பு இருந்துது. போய் நின்னேன். பத்தி பிரிக்கிறது எப்படின்னு பாடம் எடுத்தேன். என்னைப் பாத்து யாருக்கும் ஒண்ணும் தெரியல. திரும்பி வந்து படுத்தவ, வகுப்புக்கு மட்டும் எந்திரிக்கிறேன், மறுபடி படுக்கிறேன். தத்துவக்காரி எட்டிப் பாத்துட்டு, "உடம்பு முடியலையா"ன்னா. உடம்புக்கு ஒண்ணுமில்லன்னேன். அப்படியே எல்லாத்தையும் விட்டுட்டு வீட்டுக்கு வந்துடலாம்னு இருந்துது. ஆனா எந்த முகத்தோட வர்றது? அவ்வளவு பேசிட்டுப் போய், பாதியில திரும்பினா?

இப்ப சொல்லு, வக்கீலுக்கு வழக்கு தோத்துடும் போலிருக்குன்னு. அம்மா என்ன சொல்றாங்கன்னு பாத்து எழுது. எனக்கு அதைக் கேக்கணும். டிசம்பர் கடைசியில விடுமுறை வருது. வந்துட்டுப் போகட்டுமா?

அக்கா

*

டிசம்பர் 1

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படிச்சதுலேர்ந்து மனசு சரியில்ல. இப்ப எந்திரிச்சு நடமாடுறியா? சாப்பிடுறியா? அதை முதல்ல எழுது.

அம்மாகிட்ட சொன்னேன். நாற்காலியில சாஞ்சு உக்காந்திருந்தாங்க. தலைமுடியை அப்பத்தான் வாரி விட்டிருந்தேன். வெளிய பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைங்க போயிட்டிருந்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "ஒரு அத்தியாயம் போனா என்ன? அவளுக்குத் தெரியாததா? நிதானமா எழுதட்டும். நான் அன்னைக்கு வெளிய வந்து வழியனுப்பியிருக்கணும். அவ பேசினதை நான் மனசுல வச்சுக்கலன்னு எழுது. தப்பு என் பேர்லயும் இருக்கு."

இதை அப்படியே எழுதச் சொன்னாங்க. எழுதிட்டேன்.

விடுமுறைக்கு இப்ப வர வேண்டாம் அக்கா. வந்தா எழுதுறது நின்னுபோகும். முடிச்சிட்டே வா. அம்மாவும் அதான் சொல்றாங்க. போன்ல பேசச் சொல்லிக் கேட்டேன். காது சரியாக் கேக்குறதில்லையாம், வேண்டாங்குறாங்க.

தைரியமா இரு.

தம்பி

*

பிப்ரவரி 2

அன்புள்ள தம்பிக்கு,

நலமா இருக்கியா? அம்மா நலமா? இந்தத் தடவை இதுக்கு மட்டும் பதில் எழுதினாப் போதும். காரணம் சொல்றேன்.

உன் டிசம்பர் கடிதத்தை மேஜைக்கு மேல ஒட்டி வச்சுக்கிட்டு எழுதினேன். மூணாவது அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டுட்டு, மீதியை இழுத்துக் கட்டி, போன மாசம் முழுசா குடுத்துட்டேன். முற்றுப்புள்ளி "பார்க்கலாம்"னார். சமர்ப்பணப் பக்கத்துல அம்மாவுக்குன்னு போட்டு, கீழே அவங்க சொன்ன "நிதானமா எழுதட்டும்"கிறதையும் போட்டேன்.

அப்புறம் வகுப்புல ஒண்ணு நடந்துது. கடைசி வரிசையில ஒரு பொண்ணு, வாயே திறக்காதவ. அப்பா ஆஸ்பத்திரியில இறந்ததைப் பத்திக் கட்டுரை எழுதியிருந்தா. கட்டிலுக்கடியில அவரோட செருப்பு ஒண்ணு நேராவும் ஒண்ணு கவுந்தும் கிடந்ததை எழுதியிருந்தா. நர்ஸ் அதைக் காலால தள்ளி விட்டதை எழுதியிருந்தா. வகுப்புல படிச்சுக் காட்டும்போது என் குரல் உடைஞ்சுபோச்சு. இந்த வருஷம் நான் சொல்லிக்குடுத்தது ஒருத்திக்காவது போய்ச் சேந்துதேன்னு இருந்துது.

போன வாரம் அலுவலகத்துக்கு ஒருத்தர் வந்தார். பொண்ணு எப்படிப் படிக்கிறான்னு விசாரிக்க. அவளோட அப்பா. கொழுகொழுன்னு இருக்கார், கையில குடை.

அவளைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். அழல, பயப்படவும் இல்ல. நிஜமாவே குழம்பிப் போய் என்னைப் பாத்தா. "நீங்கதானே டீச்சர் சின்னச் சின்ன விஷயமா எழுதச் சொன்னீங்க? நடந்ததைத்தான் எழுதணும்னு சொல்லலையே"ன்னா.

அவளை அனுப்பிட்டேன். ரூமுக்கு வந்து உன் கடிதங்களைக் கட்டில் மேல பரப்பி வச்சு, மாணவன் கட்டுரையைப் படிக்கிற மாதிரி படிச்சேன். அப்பத்தான் தெரிஞ்சுது. எல்லாத்துலயும் அம்மா நாற்காலியிலதான் இருக்காங்க. ஒரு தடவைகூட எந்திரிக்கல. திரையை நீ இழுத்து விடுறே. தலையை நீ வாரி விடுறே. நம்ம அம்மா ஒரு இடத்துல உக்காருவாங்களாடா? வேலைக்குப் போறப்ப ஜன்னல்ல உக்காந்ததுக்கெல்லாம் சேத்து, வீட்ல நின்னுக்கிட்டே சாப்பிட்டவங்க. "தப்பு என் பேர்லயும் இருக்கு"ன்னு அவங்க சொன்னதா எழுதியிருக்கே. தன் தப்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதவங்க. அதைப் படிச்சப்ப எனக்கு ஏன் தோணல? வேணும்னு இருந்துது, நம்பிட்டேன்.

போன் பண்ணினேன், நீ எடுக்கல. அம்மா எப்படி இருக்காங்க?

அக்கா

*

பிப்ரவரி 9

அன்புள்ள அக்கா,

நாங்க நலம். அம்மா நல்லா இருக்காங்க. நீ ஆய்வேடு குடுத்துட்டது ரொம்ப சந்தோஷம். வேலை அதிகமா இருந்துது, அதான் போன் எடுக்கல. ஒண்ணும் யோசிக்காதே.

தம்பி

*

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

போன கடிதத்துக்கு நீ பதில் போடல. போட மாட்டேன்னு எனக்குத் தெரியும். இதை உக்காந்து ஒரே தடவையில எழுதிடுறேன்.

நீ கிளம்பின மறு மாசம் அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்துது. வலது பக்கம் முழுக்க விழுந்துடுச்சு. பேச்சு போயிடுச்சு. ஆஸ்பத்திரியில இருந்தப்ப டாக்டர், பேச்சு சில வாரத்துல திரும்பினாலும் திரும்பலாம்னார். சரி, பேசட்டும், முதல் வார்த்தையோட சேத்து உனக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். பேசல. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். அப்பத்தான் உன் முதல் கடிதம் வந்துது. அம்மா என்ன சொல்றாங்கன்னு எழுதுன்னு கேட்டிருந்தே.

சொல்லியிருக்கணும். சொன்னா நீ வந்துடுவே. வந்தா திரும்பிப் போக மாட்டே. அப்புறம் ஆயுசுக்கும் அம்மா கட்டில் பக்கத்துல உக்காந்து, நான் பேசினதாலதான் இப்படி ஆச்சுன்னு நினைப்பே. டாக்டர் அப்படியெல்லாம் இல்லன்னார். பி.பி. ரொம்ப நாளா இருந்திருக்கு, யாருக்கும் சொல்லாம வச்சிருந்திருக்காங்க. ஆனா நீ டாக்டரை நம்புற ஆள் இல்ல.

ரெண்டாவது கடிதத்துல நீ திட்டி எழுதினே. கார்க்காரரைப் பத்தி எழுதிப் பாத்தேன். அம்மா பேசியிருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு யோசிச்சேன், அது தானா வந்துது. அக்கா, உன்கிட்ட மறைக்காம சொல்றேன். எழுதும்போது எனக்கு நல்லா இருந்துது. இந்த வீட்ல பேச்சே இல்ல. காலையில துடைச்சு விடுறது, புரட்டிப் படுக்க வைக்கிறது, ஸ்பூன்ல ஊட்டுறது, அது வழிஞ்சா துடைக்கிறது, மறுபடி நாற்காலியில உக்கார வைக்கிறது. நான் கடைக்குப் போற நேரத்துக்கு ஒரு ஆயா வந்து பாத்துக்குறாங்க. அவங்களும் பேசுற ஆள் இல்ல. உனக்கு எழுதுற அன்னைக்கு மட்டும் அம்மா வாயைத் திறந்த மாதிரி இருந்துது. அடுத்த கடிதத்துக்கு என்ன சொல்லுவாங்கன்னு கடையில லென்ஸைத் தேய்க்கும்போதே யோசிச்சிட்டிருப்பேன்.

நவம்பர்ல நீ படுத்தே கிடக்குறதா எழுதினே. அதைப் படிச்சுப் பயந்துதான் அவ்வளவு தூரம் போயிட்டேன். அது அம்மா இல்ல. நான்தான்.

நீ எழுதினதையெல்லாம் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அது மட்டும் நிஜம். கேட்டுதான்னு தெரியல.

மன்னிக்கச் சொல்லிக் கேக்கல. உடம்பைப் பாத்துக்க.

தம்பி

*

மே 30

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கு? முதுகுவலி எப்படி இருக்கு? உன் கடிதத்தைப் பாத்துட்டு லீவு போட்டு அங்கே வந்து இருந்தப்ப, நீ அம்மாவைத் தூக்கும்போதெல்லாம் ஒரு கையை இடுப்புல வச்சுக்கிட்டதைப் பாத்தேன். கேக்கல. உன்கிட்ட எதுவுமே கேக்கல அப்ப. அத்தனை நாளும் ஒரே வீட்ல இருந்து, ஸ்பூன் எங்கே, துண்டு எங்கேன்னு மட்டும் பேசிக்கிட்டோம்.

நீ இல்லாத நேரத்துல நடந்ததை உனக்குச் சொல்லல. இப்ப சொல்றேன். நீ கடைக்குப் போனதும் பாத்துக்குற ஆயாவையும் அனுப்பிட்டு நாற்காலிக்கு எதிர்ல தரையில உக்காந்தேன். அம்மான்னேன். பாத்தாங்க. அந்தப் பார்வை எனக்கு நல்லாத் தெரிஞ்ச பார்வை. சின்ன வயசுல பஸ் நிலையத்துல அவங்க ஜன்னலுக்குள்ள உக்காந்து வர்றவங்களைப் பாக்குறதைப் பாத்திருக்கேனே. எங்கே போகணும்னு நீயா சொல்லுங்குற பார்வை. யாருன்னு தெரிஞ்சு பாக்குறது இல்ல அது. நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுன்னு சொன்னேன். சத்தமாச் சொன்னேன், காது கேக்கலைன்னா கேக்கட்டும்னு. நான் பேசிட்டிருக்கும்போதே இடது கையால சால்வை நூலைப் பிடுங்க ஆரம்பிச்சுட்டாங்க. பிடுங்கி, விரல்ல சுத்தி, கீழே போட்டாங்க. நான் நிறுத்தினதும் அவங்களும் நிறுத்திட்டாங்க. அது பதிலா, ஒண்ணும் இல்லையான்னு யோசிச்சு யோசிச்சு எனக்குத் தலை வெடிக்குது.

லீவு முடிஞ்சு, வகுப்பை வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்னதும் கிளம்பி இங்கே திரும்பி வந்தேன். நீ போன் பண்ணின அன்னைக்கு நான் வகுப்புல இருந்தேன். வெளிய வந்து எடுத்தப்ப நீ முதல்ல ஒண்ணுமே பேசல. அம்மா போயிட்டாங்கன்னு அப்பவே தெரிஞ்சுடுச்சு. வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும், வர வேண்டாம்னே. நானும் வரல. வந்திருக்கணும். அதை நீ சொன்னதுக்காகக் கேட்டுக்கிட்டேன்னு சொல்லிக்கிறேன். அது பொய். வந்தா அந்த நாற்காலி காலியா இருக்கும்னு வரல.

போன வாரம் வாய்மொழித் தேர்வு. ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. தேறிட்டேன். முற்றுப்புள்ளி எந்திரிச்சுக் கை குலுக்கினார், "நல்லா வந்திருக்கு"ன்னார். தத்துவக்காரி கேக் வாங்கிட்டு வந்தா. நின்னு தின்னோம். அவ போனதும் கதவைச் சாத்திட்டு, நூலகத்துக்குக் குடுக்க வேண்டிய பிரதியில சமர்ப்பணப் பக்கத்தை மட்டும் பிரிச்சு எடுத்தேன். அந்த இடத்துல இப்ப ஒண்ணும் இல்ல. வேற எதையும் போடத் தோணல.

அடுத்த வருஷமும் இங்கேயே வகுப்பு எடுக்கச் சொல்றாங்க. சரின்னுட்டேன். எனக்கு வேற என்ன தெரியும்?

உன் மேல கோவமான்னு நீ கேக்கல. எனக்கே தெரியலடா. சில நேரம் உன்னை நினைச்சா அழுகை வருது, சில நேரம் உன் முகத்துலயே முழிக்கக் கூடாதுன்னு இருக்கு. நீ எழுதின அம்மா எனக்குப் பழகிப்போயிட்டாங்க. ரெண்டு பேருக்காக அழ வேண்டியிருக்கு. அதுல ஒருத்தர் இருந்ததே இல்ல.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நான் கிளம்பினதுக்கப்புறம் ஸ்ட்ரோக் வர்றதுக்கு நடுவுல சில வாரம் இருந்துதே. அம்மாவுக்கு அப்ப பேச்சு இருந்துது. என்னைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா? அவங்களே, அவங்க வாயால. கடைசியா என்ன சொன்னாங்க? என்னவா இருந்தாலும் எழுது.

அக்கா

*

ஜூன் 17

அன்புள்ள அக்கா,

எனக்கு முதுகுவலி அப்படியேதான் இருக்கு. இப்ப தூக்க ஒண்ணும் இல்ல, போயிடும். நீ தேறினதுல எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கடை முதலாளிகிட்ட சொன்னேன், அவரும் சந்தோஷப்பட்டார்.

நீ கேட்டதுக்குப் பதில். அந்த வாரங்கள்ல அம்மா உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல. நானா ஒரு தடவை, அக்கா போய்ச் சேந்துட்டா, போன் பண்ணினான்னேன். எந்திரிச்சுப் போய்க் குழாயைத் திறந்து விட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பிச்சுட்டாங்க. பாத்திரம் ஏற்கெனவே கழுவி வச்சிருந்துது. அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியல. நீ ஒண்ணு நினைச்சுக்கலாம். நான் எதுவும் சேக்க மாட்டேன்.

கடைசியா சொன்னது என்கிட்டதான். காலையில நான் சட்டைக்குப் பட்டன் போட்டுட்டிருந்தேன். அடுக்களையிலேர்ந்து, "தண்ணி மோட்டாரை அணைச்சியா?"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அம்மா ஒண்ணும் பேசல, யார்கிட்டயும்.

இதை எழுதுறதுக்கு முன்னாடி வேற ஒண்ணு எழுதி வச்சிருந்தேன். நல்லா வந்திருந்துது. நீ நம்பியிருப்பே. கிழிச்சுட்டேன்.

அணைச்சுட்டேன்னு சொன்னேன் அக்கா. அணைக்கல. சொல்லிட்டு, சத்தமில்லாம பின்பக்கமாப் போய் அணைச்சுட்டு வந்தேன். வந்து பாத்தப்ப கீழே கிடந்தாங்க.

தம்பி